யன்னல் கரைக் கை

ஏப்ரல் 9
மணிக்கட்டில் நோவுக்கு மருந்து பூசின இடம் மட்டும் கோடு கிழித்த மாதிரிச் சிவந்திருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு அக்கி என்கிறா.

ஏப்ரல் 10
கொப்புளம். இரவு முழுக்கக் கடி.

ஏப்ரல் 12
தோல் டொக்டர். என்ன சாப்பிட்டனீங்கள் என்று கேட்பார் என நினைத்தேன், என்ன பூசினீங்கள் என்றுதான் கேட்டார். மாமி பாரிஸிலிருந்து அனுப்பின ரியூப்பைக் காட்டினேன். அதிலிருக்கிற நோ மருந்தின் பெயர் கீட்டோபுரொஃபென். அது தோலில் இருக்கும்போது வெயிலின் யூவீ-ஏ கதிர் பட்டால் மருந்து மாறித் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு அதை அந்நியன் என்று எடுத்துச் சண்டைக்குப் போகும், அதனால்தான் பூசின உடனே ஒன்றும் தெரியாமல் ஓரிரு நாள் கழித்துக் கிளம்புகிறதாம். நான் வெயிலில் நிற்கவே இல்லை டொக்டர், பஸ்ஸில் யன்னல் கரையில் இருந்தது மட்டும்தான் என்றேன். யன்னல் கண்ணாடி அந்தக் கதிரைப் பெரிதாக மறிக்காதாம்.

ஏப்ரல் 14
வருசப் பிறப்பு. மருத்துநீர் வைத்துத் தலை முழுகியதோடு சரி, கோயிலுக்குப் போகவில்லை. சூரியன் சரியாக யாழ்ப்பாணத்து உச்சிக்கு வருகிற கிழமை பார்த்து எனக்கு இது.
மாமி அனுப்பின மற்ற ரியூப்பைக் காணவில்லை.

ஏப்ரல் 15
அம்மாவிடம்தான் இருக்கிறது. நாரி நோவுக்காம். "எனக்கு ஒண்டும் செய்யேல்லையே" என்கிறா. செய்யாதுதான், நாரி எங்கே வெயில் கண்டது!

ஏப்ரல் 17
நித்திரை இல்லை. மருந்துத் தாளைத் தங்கச்சி போனில் மொழிபெயர்த்துத் தந்தாள். பூசுவதை நிறுத்திய பிறகும் 2 கிழமைக்கு அந்த இடத்தில் வெயில் படக்கூடாதாம். ஐரோப்பாவில் 2010இல் இதை ஆராய்ந்து, டொக்டரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். மாமிக்கு எடுத்துக் கேட்டால், "எனக்குத் தந்த சீட்டிலதான் வாங்கினனான் பிள்ளை, மிச்சத்தை உனக்கு விட்டனான்." இதற்கு மேல் மாமியோடு என்ன கதைக்கிறது.

ஏப்ரல் 18
சன் கிறீம் வாங்கினேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ஒக்டோகிரிலீன், வெயில் கதிரை மறிக்கச் சேர்க்கிறது. டொக்டர் தொடவேண்டாம் என்ற அதே சாமான், கீட்டோபுரொஃபென் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாமாம். வெயிலுக்குப் பூசுகிற கிறீமே வெயிலோடு கூட்டுச் சேருகிறது. காசு போச்சு.

ஏப்ரல் 21
பொருக்குக் கட்டுகிறது. நீளக்கைச் சட்டையோடு பஸ்ஸில் எந்தப் பக்கம் நிழல் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கவே சாவகச்சேரி வந்துவிட்டது. ரியூப்பைத் தாங்கோ என்றால் அம்மா தரமாட்டாவாம்.

ஏப்ரல் 22
நேற்றுக் கழுத்துக்கும் பூசியிருக்கிறா. இன்று காலமை முழுக்க முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டு நின்றவ.