ஜன்னலோர இணையம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். பனிமூட்டம் இறங்கும் மாலைகளில் அம்மா அங்கே நின்று, கொழுந்துக் கறை படிந்த பெருவிரலால் திரையைத் தள்ளிப் பச்சைத் தேயிலை விலை பார்ப்பார்.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணையதளத்துக்கு இணையதளம் வெவ்வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடை விதித்தது 2016 பிப்ரவரி 8 அன்று. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டம் அத்தோடு இந்தியாவில் நின்றது. இலவசமாகக் கிடைப்பதை ஏன் தடுக்க வேண்டும் என்று தம்பி அப்போது என்னிடம் சண்டை போட்டான். ஏழைக்குச் சில தளங்களை மட்டும் திறந்துவிட்டு, அதுதான் இணையம் என்று காட்டுவதை இன்றும் என்னால் ஏற்க முடியாது. எதைப் பார்ப்பது என்பதை அம்மாதான் முடிவு செய்ய வேண்டும். சிக்னல் கொடுப்பவர் அல்ல.

நேற்று விலை பார்த்த கையோடு, படுக மொழிப் பாட்டு ஒன்றைத் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.