பறவைகள் ஊரில் இல்லாத மாதங்கள்

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், டைன் ஆற்றங்கரையில் வேலை பார்க்கும் எங்களுக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கிட்டிவேக் பறவைகளின் கூச்சலும், அவற்றின் எச்சமும், வெயில் ஏறியதும் கிளம்பும் மீன் நாற்றமும் பழகிப்போனவை. கடலோரச் செங்குத்துப் பாறைகளில் கூடு கட்டும் இந்தக் கடற்காக இனம், ஆற்றின் வழியே பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டுக்குள் வந்து, 1928-இல் திறக்கப்பட்ட டைன் பாலத்தின் தூண்களிலும் கரையோரக் கட்டடங்களின் சன்னல் விளிம்புகளிலும் சேறும் புல்லும் கொண்டு கூடமைக்கிறது. உலகில் வேறெங்கும் கிட்டிவேக்குகள் கடலை விட்டு இவ்வளவு உள்ளே வந்து குஞ்சு பொரிப்பதில்லை.

நம் கையில் இருக்கும் வறுவலைப் பிடுங்கும் பறவை இதுதான் என்று பலர் திட்டுகிறார்கள். அது வேறு இனம். கிட்டிவேக்கின் முக்கிய உணவு வட கடலின் மணல் விலாங்கு மீன். அந்த மீன் குறைந்துபோனது, இந்தப் பறவை நலிந்ததற்கு ஒரு காரணம். 2017-இல் இது உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின்படி, கட்டப்பட்டுவரும் கூட்டையோ பயன்பாட்டில் உள்ள கூட்டையோ கலைப்பது குற்றம். ஆனால் குஞ்சுகள் பறந்து, பறவைகள் வட அட்லாண்டிக் கடலுக்குப் போய்விட்ட பிறகு, வெறும் கூட்டை அகற்றவும் அந்த விளிம்பில் வலையோ முள்கம்பியோ பொருத்தவும் சட்டம் பொதுவாகத் தடை சொல்வதில்லை. ஆகவே, அடுத்த ஆண்டு எந்தச் சோடிக்கு இடம் உண்டு என்பது பறவைகள் ஊரில் இல்லாத மாதங்களில், கட்டட உரிமையாளர்களின் கூட்டங்களில்தான் முடிவாகிறது. சரியாகக் கட்டாத வலை தளர்ந்துவிட்டால், அது பறவையை விரட்டுவதற்குப் பதில் சிக்கவைத்துக் கொல்லும் பொறியாகிவிடுகிறது.

எதிர்க்கரையில் கேட்ஸ்ஹெட்டின் பழைய பால்டிக் மாவு ஆலை கலைக்கூடமாக மாற்றப்பட்டபோது, அங்கிருந்த பறவைகளுக்கென ஆற்றோரத்தில் ஒரு கோபுரமே எழுப்பினார்கள். சில சோடிகள் அதை ஏற்றுக்கொண்டன. சில, யாரையும் கேட்காமல், பழைய கட்டடத்துக்கே திரும்பின. கலைக்கூடத்தாரும் அவற்றை இருக்கவிட்டார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான்.

எங்கள் கட்டடத்தில் வலை கட்டலாமா என்று இப்போது கருத்துக் கேட்டிருக்கிறார்கள். வாசலுக்கு நேர் மேலே உள்ள விளிம்பை மட்டும் அடைத்துவிட்டு, மற்ற விளிம்புகளின் கீழ் எச்சம் தாங்கும் பலகை பொருத்தி, செப்டம்பரில் ஒருமுறை முழுவதுமாகக் கழுவினால் போதும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.