கோவணம் கட்டினவன்

ஜூலை மாசம் வந்துட்டா சாயங்காலம் எங்க வீட்ல ரிமோட் என் கையிலதான், மத்தவங்க சீரியலை மொபைல்ல பாத்துக்க வேண்டியதுதான். டூர் டி பிரான்ஸ், பிரான்ஸ்ல மூணு வாரம் நடக்குற சைக்கிள் ரேஸ். போன வருஷம் மச்சான் வந்திருந்தார், காபியை ஆத்திக்கிட்டே பத்து நிமிஷம் பாத்துட்டு "என்ன மாப்ள, எல்லாம் ஊசி போட்டு ஓட்டுற திருட்டுப் பசங்க, இதைப் போய் உக்காந்து பாக்குறீங்க"ன்னார். 90கள்ல ஓட்டினவங்களைச் சொல்றதா இருந்தா ஊசி விஷயம் கிட்டத்தட்ட சரிதான். ஆனா திருட்டுன்னா யாருக்கும் தெரியாம செய்யுறது இல்லையா, அங்க நடந்தது அப்படி இல்லையே. அப்ப வாயில வார்த்தை வரல, அதான் இங்க எழுதுறேன்.

1998 ஜூலை 8, டூர் ஆரம்பிக்க மூணு நாள் இருக்கறப்ப, ஃபெஸ்டினா டீமோட மசாஜ்காரர் வில்லி வூட் ஓட்டிட்டு வந்த காரை பெல்ஜியம் - பிரான்ஸ் பார்டர்ல மடக்குனாங்க. உள்ள ஈபிஓ, க்ரோத் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன்னு ஒரு குட்டி மெடிக்கல் ஷாப்பே இருந்துச்சு. ஈபிஓங்கறது ரத்தத்துல சிவப்பணுவைக் கூட்டுற மருந்து, அணு கூடினா ஆக்சிஜன் கூடும், மலை ஏர்றப்ப கால் ஓயாது. அதைக் கண்டுபிடிக்க அப்ப டெஸ்ட்டே கிடையாது. அதனால 1997ல ஒரு ரூல் போட்டாங்க, ரத்தத்துல சிவப்பணு 50 சதவீதத்துக்கு மேல போனா பதினஞ்சு நாள் ஓட்டக்கூடாது, அதுவும் தண்டனை இல்லையாம், உடம்பைப் பாத்துக்கணும்னு ஒரு அக்கறையாம். என்ன ஆகும்? அம்பது வரைக்கும் ஏத்தலாம்னு ஆயிடுச்சு. டீம் டாக்டருங்க சொந்தமா மெஷின் வச்சு அளந்து பாத்துக்கிட்டாங்க.

சம்பளம் கொடுக்குற டீம், அதே டீம்ல டாக்டர், அடுத்த வருஷ கான்ட்ராக்ட் ஓட்டுறவன் எந்த அளவுக்கு இழுக்கறான்ங்கறதைப் பொறுத்து. இதுல ஊசி போட்டுக்கறது குத்தமா தெரியல, வேலைக்குப் போறப்ப யூனிஃபார்ம் மாட்டுற மாதிரி ஆயிடுச்சு.

அந்த 1998ல போலீஸ் ஹோட்டல் ரூம் ரூமா புகுந்து தேடுனப்ப ஓட்டுறவங்க செஞ்ச காரியம்தான் எனக்கு இன்னும் ஆச்சரியம். நம்பர் அட்டையைக் கிழிச்சுட்டு நடு ரோட்ல உக்காந்துட்டாங்க. மருந்தை எதிர்த்து இல்லங்க, சோதனையை எதிர்த்து! 1966லயும் இதே கதைதான், முதல் தடவையா மருந்து டெஸ்ட் வச்சதும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டே நடந்தாங்க. அதுக்கு அடுத்த வருஷம் மோன் வாண்டூ மலை மேல டாம் சிம்ப்ஸன் சுருண்டு விழுந்து செத்துப்போனார், உடம்புல ஆம்ஃபெட்டமின்.

இப்படி எல்லாரும் ஒண்ணா நிக்கறதுக்கு காரணம் பயம் மட்டும் இல்லன்னு நினைக்கிறேன், காத்துதான். சைக்கிள் ரேஸ்ல கூட்டத்துக்கு நடுவுல ஓட்டுனா காத்தை முன்னாடி போறவன் வாங்கிக்குவான், உங்களுக்கு முப்பது சதவீதம் வரைக்கும் கூட தெம்பு மிச்சம். தனியா போனா மொத்தக் காத்தும் உங்க நெஞ்சுலதான். அதனால எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் மத்தவங்க தயவு வேணும். ஊர்ல ஒரு குடும்பத்தை ஒதுக்கி வச்சா தண்ணி கூட புழங்க மாட்டாங்கல்ல, இங்க அந்தத் தண்ணிதான் காத்து.

அப்படி ஒதுக்கப்பட்டவர்தான் கிறிஸ்டோஃப் பஸ்ஸோன்ஸ். அதே ஃபெஸ்டினா டீம்ல இருந்தவர், இவர் ஒருத்தர்தான் எதுவும் போடலன்னு கூட ஓட்டினவங்களே போலீஸ்ல சொன்னாங்க. 1999ல வேற டீம்ல டூர் ஓட்டிக்கிட்டே ல பரிசியான் பத்திரிகைல தினமும் எழுதினார். மருந்தே இல்லாத புது டூர்னு எல்லாரும் சொல்லிட்டிருந்த வருஷம், சராசரி வேகம் மட்டும் முதல் தடவையா 40 கிலோமீட்டரைத் தாண்டுது! இது எப்படின்னு கேட்டார், அவ்வளவுதான். ஆல்ப் துவேஸ் மலைக்குப் போற அன்னைக்கு இவர் முன்னாடி பாய்ஞ்சார், மொத்தக் கூட்டமும் துரத்திப் பிடிச்சுது. மஞ்சள் ஜெர்சில, அதாவது ரேஸ்ல முதல் இடத்துல இருந்த அமெரிக்கக்காரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் பக்கத்துல வந்து, நீ பேசுறது சைக்கிளிங்குக்கு நல்லதில்ல, வீட்டுக்குப் போன்னார். சொந்த டீம்காரங்களே முகம் கொடுக்கல. ரெண்டு நாள்ல மனசு ஒடிஞ்சு கிளம்பிட்டார்.

2004ல ஃபிலிப்போ சிமியோனி. ஆர்ம்ஸ்ட்ராங்கோட டாக்டர் ஃபெராரி எனக்கு ஈபிஓ எழுதிக் கொடுத்தார்னு கோர்ட்ல சொன்ன இத்தாலிக்காரர். ஒரு ஸ்டேஜ்ல, அதாவது ஒரு நாள் ஓட்டத்துல, முன்னாடி போன சின்ன குரூப்போட சேரப் போனார், அவரால யாருக்கும் எந்த ஆபத்தும் இல்ல, ஆனா மஞ்சள் ஜெர்சில இருந்த ஆர்ம்ஸ்ட்ராங்கே நேரா துரத்திட்டு வந்து கூடவே ஒட்டிக்கிட்டார். இவங்க ரெண்டு பேரும் இருந்தா பின்னாடி வர்ற கூட்டம் நம்மள விடாதுன்னு முன்னாடி போன ஆறு பேரும் சிமியோனியைக் கெஞ்சிப் பின்னாடி அனுப்பிட்டாங்க. திரும்பி வந்ததும் கூட்டத்துல ஏச்சு. ஆர்ம்ஸ்ட்ராங் கேமராவைப் பாத்து உதட்டு மேல ஜிப் இழுத்து மூடுற மாதிரி சைகை காட்டினார். அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு தெரியல, அந்த ஜிப்பை விட அந்த ஆறு பேர்தான் மனசுல நிக்கறாங்க, வில்லன் ஒண்ணும் இல்ல பாவம், வேலைக்கு வந்தவங்க.

2013ல அமெரிக்க டிவில ஓப்ரா வின்ஃப்ரே முன்னாடி ஆர்ம்ஸ்ட்ராங் உக்காந்து மருந்து எடுத்ததை ஒத்துக்கிட்டார். கூடவே, ஏமாத்துறதுன்னா என்னன்னு டிக்‌ஷனரில பாத்தேன், மத்தவங்ககிட்ட இல்லாத ஒண்ணை நாம வச்சிருக்கறதுன்னு போட்டிருந்துது, நான் அப்படி நினைக்கலங்கற மாதிரி சொன்னார். கேக்கறப்ப எரிச்சலா வந்துச்சு. ஆனா அந்த ஆள் பொய் சொன்ன பதினஞ்சு வருஷத்துல அது ஒண்ணுதான் உண்மையோன்னும் தோணுச்சு. அம்மணமா திரியுற ஊர்ல கோவணம் கட்டினவன் பைத்தியக்காரன்னு நம்ம ஆளுங்க சொல்லி வச்சதுதான். அதுக்காக அவரை விட்டுடலாம்னு சொல்ல வரல, ஊசி போட்டது ஊரோட வழக்கம், பேசினவன் பொழப்பைக் கெடுத்தது அவரோட சொந்த வேலை.

2012ல ஆர்ம்ஸ்ட்ராங்கோட ஏழு டூர் பட்டத்தையும் பிடுங்கினாங்க, யாருக்கும் தூக்கிக் கொடுக்காம காலியா விட்டுட்டாங்க. அதே 2012ல பஸ்ஸோன்ஸ் ஒரு மவுண்டன் பைக் ரேஸ்ல பாதியில விலகி கார் எடுத்துட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டார், டோப் டெஸ்ட்டுக்கு வான்னு போன் வந்தப்ப ரொம்ப தூரம் வந்தாச்சு, திரும்பிப் போக நேரம் இல்ல. டெஸ்ட்டுக்கு வரலன்னு ஒரு வருஷம் தடை போட்டாங்க. அப்பீல் பண்ணி ஒரு மாசமா குறைச்சாங்க.