வில்லும் குளமும்: ஒரு வளாக நாட்குறிப்பு

19 ஜனவரி 2026, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து வளாகம் திறந்த நாளே கூட்டம். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள், அதைச் சூழல் மன்றம் நடத்த வேண்டும். அதே நாளில்தான் கலை மன்றத்தின் ஆண்டு விழாவும். இரண்டு மன்றங்களுக்கும் பொறுப்பாசிரியர்கள் வேறு, பணம் வேறு, வருகிற மாணவர்களும் பெரும்பாலும் வேறு. சூழல் விழா என்றால் ஒரு பேரணி, ஒரு உறுதிமொழி, கொஞ்சம் மரக்கன்று. கலை விழா என்றால் மேடை, விளக்கு, ஆளுயர ஒலிபெருக்கி.

இந்த வருடம் மேடையைக் குளத்தங்கரையில் போடலாம் என்று கலை மன்றத்தில் ஒருவர் சொன்னார். தண்ணீரில் விளக்கொளி விழுந்தால் படம் எடுக்க அழகாக இருக்குமாம். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை, எழுந்து சொன்னேன். கரையின் மேற்கு மூலையில் நிற்கிற புன்னையும் மூங்கிலும் இரவில் காலியாக இருப்பதில்லை. "கொக்குக்காக விழாவை மாத்தணுமா?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் மாலை ஆறு மணிக்கு அந்தக் கரையில் நின்றதில்லை. வியாழக்கிழமை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னேன். இந்த ஆண்டு ஈரநில நாளுக்குத் தந்திருக்கும் கருப்பொருளே ஈரநிலங்களும் மரபறிவும், பண்பாட்டு மரபைப் போற்றுவோம் என்பதுதான். 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானில் ராம்சர் என்ற ஊரில் கையெழுத்தான உடன்படிக்கையின் நாளை, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாட்டும் கூத்தும் இல்லாமல் கொண்டாடினால் அது பாதி விழா. இரண்டு மன்றமும் சேர்ந்தே செய்யலாமே. பதில் வரவில்லை. மறுக்கவும் இல்லை.

22 ஜனவரி, வியாழன்

கலை மன்றத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். நாற்காலி எதுவும் போடவில்லை, கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தோம்.

ஐந்தரைக்கு முதலில் சிறு நீர்க்காகங்கள் வந்தன. பிறகு உண்ணிக்கொக்குகள், பக்கத்து ஏலாவில், அதாவது வயல்வெளியில், மேய்ந்துவிட்டு வரிசையாக. மடையான் நிற்கும்போது மண்நிறம், சிறகு விரித்ததும் வெள்ளை. அது பறந்தபோது "இது வேற பறவையா?" என்று ஒரு தம்பி கேட்டான். அதேதான் என்றேன். ஆறு மணி தாண்டியதும் மூங்கிலில் இடத்துக்குச் சண்டை, கத்தல், சிறகடிப்பு. இருட்டும்வரை அடங்கவில்லை. தண்ணீரில் நீலத் தாழைக்கோழிகள் ஆகாயத்தாமரை மேல் நடந்துகொண்டிருந்தன. நீளவால் இலைக்கோழியும் ஒன்று இருந்தது. அந்த நீள வால் இனப்பெருக்கக் காலத்தில்தான் வளரும், அதனால் இப்போது பார்ப்பவர்களுக்கு அடையாளம் தெரிவதில்லை. முட்டையை அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்தான் என்று சொன்னபோது வந்திருந்த பெண்கள் இருவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

போகும்போது கலை மன்றச் செயலர், "அக்கா, மேடைய வேற எடத்துல போட்டுக்கலாம். ஆனா கரையில ஒண்ணுமே நடத்தக் கூடாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. வெயில் இருக்கும்போது, விளக்கும் பெரிய ஒலிபெருக்கியும் இல்லாமல் எது நடத்தினாலும் நானே முன்வரிசையில் உட்காருவேன் என்றேன். வில்லுப்பாட்டு என்று அவள்தான் சொன்னாள்.

25 ஜனவரி, ஞாயிறு

வில்லிசைப் புலவர் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஊர்க்கோவில் கொடை விழாக்களில் விடிய விடியப் பாடியவர். நாங்கள் பாட்டா என்று கூப்பிட, அவர் எங்கள் ஒவ்வொருவரையும் மக்களே என்றார். திண்ணையில் உட்கார வைத்துச் சுக்குக் காப்பி கொடுத்தார்கள்.

வில்லை எடுத்துக் காட்டினார். வைரம் பாய்ந்த பனையில் செதுக்கியது, அப்பா காலத்துடையது. தோல் நாண், வளைவு முழுக்க மணிகள், நாணைத் தட்டுகிற வீசுகோல் இரண்டு. நாணைத் தட்டியதும் மணிகளும் சேர்ந்து அதிர்ந்தன. குடம் மண்குடம். அதன் வாயில் அடிக்கிற தட்டு கமுகம்பாளையில் செய்தது. பிறகு உடுக்கை, தாளம், கட்டை.

"மக்களே, இந்த வில்லு எங்கயிருந்து வந்துது? பனை வேணும். கொடத்துக்குக் கொளத்து மண்ணு வேணும். பாளைக்குக் கமுகு வேணும், கமுகுக்குத் தண்ணி வேணும். கொளம் போச்சுன்னா என் பாட்டுல பாதி போச்சு."

கூட்டத்தில் நான் அரை மணி நேரம் சொல்லிப் புரியவைக்க முடியாததை அவர் அத்தனை பேர் முன்னாலும் நான்கு வரியில் சொல்லிவிட்டார்.

கதைக்குள் போகுமுன் என்னென்ன பாட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், அதற்குப் பிறகு நாட்டு வளம். கடைசியில் வாழி. இதில் நாட்டு வளம் என்பது கதை நடக்கிற மண்ணைப் பாடுவது. மலை, ஆறு, வயல், அங்கே வருகிற பறவை, விளைகிற நெல், எல்லாவற்றையும் பாடிவிட்டுத்தான் அரசனையோ அம்மனையோ பாட ஆரம்பிப்பார்கள். இப்போது நேரம் இல்லை என்று பல இடங்களில் அதை வெட்டச் சொல்கிறார்களாம். "நேரா கதைக்கு வாங்கங்கான்" என்றார். அந்தப் பகுதியை மட்டும் ஒரு மணி நேரம் பாடித் தருவீர்களா, நம் குளத்தை வைத்து, என்று கேட்டோம். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்க எழுதுங்க, நான் மெட்டு போட்டுத் தாரேன், பாடுறதும் நீங்கதான் என்றார்.

28 ஜனவரி, புதன்

மேடை விளையாட்டுத் திடலுக்குப் போகிறது. எழுத்தில் வந்துவிட்டது. கரையில் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள் வில்லுப்பாட்டு, ஒரே ஒரு சிறிய ஒலிபெருக்கி, ஐந்துக்கு எல்லோரும் கலைய வேண்டும். மாலையில் திடலில் களியல் என்கிற கோலாட்டமும் மற்றவையும்.

எழுதுகிற வேலை எனக்கும் தமிழ்த் துறைத் தங்கை ஒருத்திக்கும். இரவு பதினொன்றுக்கு இது வந்தது:

பேச்சிப்பாறை தெறந்த தண்ணி பெருஞ்சானல் ஓடிவந்து
ஏலாவெல்லாம் நனைச்சுவிட்டு எங்ககுளம் சேருதம்மா
முக்குளிப்பான் முங்கியெழ மடையான் கரை காத்திருக்க
கன்னிப்பூ அறுத்த மண்ணில் கும்பப்பூ குருத்துவிட

சானல் என்பது அணையிலிருந்து வருகிற கால்வாய்; கன்னிப்பூவும் கும்பப்பூவும் எங்கள் பக்கத்து இரண்டு நெற்பருவங்கள். பாட்டாவிடம் தொலைபேசியில் பாடிக் காட்டினோம். மூன்றாவது வரி நல்லாருக்கு, முதல் வரியில் சானலுக்கு முன்னே ஒரு மூச்சு விடு என்றார்.

2 பிப்ரவரி, திங்கள்

காலை ஆறு மணிக்கு இரண்டு பேருந்துகளில் தேரூர். முக்கால்வாசிப் பேர் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள், ஆனால் இந்தக் குளத்தைப் பேருந்து ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூரும் 2022இல், அந்த உடன்படிக்கையின்படி உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கிற ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. முன்னது 94 ஹெக்டேர், பின்னது 20 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. பெரிய பரப்பில்லை. ஆனால் இரண்டுமே மனிதர்கள் வெட்டிய பாசனக் குளங்கள். இதை நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். மனிதர் கைபடாத காட்டைத்தான் இயற்கை என்று பாடப்புத்தகம் பழக்கிவிட்டது. நாஞ்சில் நாட்டில் நெல்லுக்காக வெட்டிய குளத்துக்கு நாரை வந்தது. இங்குள்ள குளங்களின் பெயர்கள் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டில் இருக்கின்றன, பசுங்குளமும் பெருங்குளமும் அதில் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு மேலாக யாரோ கரையை உயர்த்தி, மடையைப் பார்த்து, தூர் வாரி வந்ததால்தான் இன்று காலை நாங்கள் பார்த்தது அங்கே இருந்தது.

பார்த்தது என்ன? மஞ்சள்மூக்கு நாரைகள் வரப்பை ஒட்டி, இறக்கையின் ஓரத்தில் அந்த இளஞ்சிவப்பு. கூழைக்கடா சில. நெட்டைக்கால் உள்ளான்கள் சேற்றில். அரிவாள் மூக்கன்கள். மீசை ஆலாக்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு. பாம்புத்தாரா ஒன்று கட்டையில் சிறகைக் காயவைத்துக்கொண்டிருந்தது. முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் இருநோக்கியைக் கீழே வைக்கவே இல்லை, சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

வரப்பில் நின்ற விவசாயி ஒருவர் பேச வந்தார். தாமரை அடர்ந்துவிட்டால் தண்ணீரே தெரியாது, முங்குகிற பறவைக்கு இடம் இருக்காது என்றார். தாமரைப்பூ தோவாளைச் சந்தைக்குப் போகிற வருமானம், அதையும் விட முடியாது. எந்தப் பக்கத்தில் எவ்வளவு விடுவது என்பதை ஊரும் பறவை பார்ப்பவர்களும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அவராகவே சொன்னார். சாலை வேலைக்காகக் குளங்களின் ஓரம் மண்ணால் நிரம்பியதைப் பற்றிச் சொல்லும்போது குரல் உயர்ந்தது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. குளத்தின் ஓரம்தான் ஆழம் குறைந்த இடம், நாரையும் உள்ளானும் நின்று மேய்வது அங்கேதான். ஓரத்தை எடுத்துவிட்டு நடுவைக் காப்பாற்றிவிட்டோம் என்றால் அந்தப் பறவைகளுக்கு அதில் ஒன்றுமில்லை.

திரும்பும்போது கவிமணி பிறந்த ஊர் இது, 1876இல் என்று தமிழ்த் துறைப் பேராசிரியர் சொன்னார். குழந்தைகளுக்காகப் பாடியவர் இந்தக் குளத்தங்கரைக்காரர் என்பது பாதிப் பேருக்குப் புதுச் செய்தி.

மூன்று மணிக்கு எங்கள் கரையில் வில் கட்டினோம். பாட்டா வேட்டி சட்டையில் வந்து, பாடும் பிள்ளைகளுக்குப் பின்னால் குடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட மாட்டேன் என்றவர் குடம் அடிக்க ஒத்துக்கொண்டார். செயலர்தான் வீசுகோல் பிடித்தாள், கை நடுங்கியது. காப்பு முடிந்து நாட்டு வளம் வந்தபோது நடுக்கம் போய்விட்டது. கோதையாறு, 1906இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை, சானல், ஏலா, எங்கள் குளம், அதில் வருகிற ஒவ்வொரு பறவை. ஒவ்வொரு பெயருக்கும் பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போட, மூன்றாவது பறவைக்குக் கூட்டமே "ஆமா" போட்டது. முக்குளிப்பான் வரி வந்தபோது உண்மையிலேயே ஒன்று தண்ணீரில் முங்கியது, முன்வரிசைப் பிள்ளைகள் கைநீட்டிக் கத்தினார்கள். வில் நின்றது, எல்லோரும் குளத்தைப் பார்த்தோம், பிறகு பாட்டா குடத்தில் ஒரு தட்டு தட்டித் தொடரச் சொன்னார்.

வாழி பாடும்போது பாட்டா தானே வாய் திறந்தார். மழை வாழ, மடை வாழ, வந்த பறவை வாழ என்று அந்த இடத்திலேயே கட்டிப் பாடினார். எழுதி வைத்ததில் இல்லாத வரி. என் கண் நிறைந்துவிட்டது.

ஐந்துக்குக் கரை காலி. ஐந்தரைக்கு நீர்க்காகங்கள் வந்தன.

3 பிப்ரவரி, செவ்வாய்

கரையில் குப்பை இல்லை. பானகம் மண்கலயத்திலிருந்து எவர்சில்வர் தம்ளரில் கொடுத்தோம், சுண்டல் வாழையிலைத் துண்டில். திடலில் கொஞ்சம் பிளாஸ்டிக் கிடந்தது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் தடைசெய்து 2019 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஆனாலும் கடையில் கிடைக்கிறது. அடுத்த விழாவுக்குக் கடை போடுகிறவர்களிடம் முதலிலேயே பேச வேண்டும்.

13 பிப்ரவரி, வெள்ளி

உலகம் முழுக்க நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு இன்று தொடங்கியது. இந்தியாவில் கல்லூரி வளாகங்கள் இதில் தனியாகக் கலந்துகொள்கின்றன. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, கண்டதையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். போன வருடம் சூழல் மன்றத்துப் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். இன்று காலை வில்லுப்பாட்டில் பாடிய ஐந்து பேரும் கரையில் நின்றார்கள். பாட்டில் வந்த பறவை எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வந்தார்களாம். நீளவால் இலைக்கோழியை அவர்களே கண்டுபிடித்தார்கள். அன்றில் பறவை மட்டும் வரவில்லை.

15 பிப்ரவரி, ஞாயிறு

மகா சிவராத்திரி. சிவாலய ஓட்டக்காரர்களுக்குத் தக்கலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு என்று பன்னிரண்டு சிவாலயங்களையும் ஓடியே கும்பிட்டுத் திருநட்டாலத்தில் முடிப்பார்கள். வாயில் "கோபாலா, கோவிந்தா", கையில் பனையோலை விசிறி. ஒவ்வொரு கோவிலிலும் குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் ஈர உடையோடு ஓடிவந்தார்கள். ஆறோ குளமோ ஒவ்வொரு கோவிலுக்கும் பக்கத்தில் இருந்தால்தான் இந்த ஓட்டமே நடக்கும். வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு வந்த ஒரு மாமா மோரைக் குடித்துவிட்டுத் தம்ளரைத் துடைத்துத் தந்தார்: "பாட்டில் குடுக்காம மோரு குடுத்தீங்களே, நல்லாருப்பீங்க மக்களே."

கலை மன்றமும் சூழல் மன்றமும் ஒரே பந்தலில் நின்றது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

17 பிப்ரவரி, செவ்வாய்

பறவைப் பட்டியல்களை எல்லாம் ஏற்றி முடித்தோம். இனி இரண்டு வேலை. வழக்கப்படி பிப்ரவரி 28 அணை அடைப்பு, ஜூன் 1 வரை சானலில் தண்ணீர் வராது. அந்த மாதங்களில் எங்கள் குளம் எவ்வளவு இறங்குகிறது என்று மடைக்கல்லில் அளவுக்கோடு வரைந்து வாரம் ஒருமுறை எழுதப் போகிறோம். ஆகாயத்தாமரையைக் கையால் எடுப்பது மார்ச்சில், இலைக்கோழிகள் கூடு கட்டுமுன்.

பாட்டா மாதம் ஒரு ஞாயிறு வந்து உடுக்கை சொல்லித்தர ஒத்துக்கொண்டார். பேருந்துக் கட்டணம் தருகிறோம் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பதிலாக வளாகத்து வேலியோரம் பனங்கொட்டை ஊன்றச் சொல்கிறார். பழம் விழுகிற ஆவணியில் தன் வீட்டுப் பனையடியிலிருந்து தானே பொறுக்கி வைப்பாராம். வேலியின் நீளத்தை அளந்து சொல்ல வேண்டும். நாளை மதியம் டேப்போடு போகிறோம்.