விலையை ரேஞ்சால் வகுப்பதற்கு முன்

மின்சார கார் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, விலையை விளம்பரத்தில் உள்ள ரேஞ்சால், அதாவது ஒருமுறை முழுதாக சார்ஜ் செய்தால் கார் ஓடும் தூரத்தால் வகுத்து, ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதுதான். நானும் பல கார்களை ஒப்பிட்டு வருகிறேன். இந்தக் கணக்கு எளிதானது, ஆனால் அதில் போடும் இரண்டு எண்களும் பல நேரங்களில் ஒரே காருக்கு உரியவை அல்ல. பெரிய எழுத்தில் அச்சிடப்படும் தொடக்க விலை சிறிய பேட்டரி கொண்ட அடிப்படை ரகத்துக்கும், அதன் பக்கத்திலேயே வரும் அதிகபட்ச ரேஞ்ச் பெரிய பேட்டரி கொண்ட ரகத்துக்கும் உரியதாக இருக்கலாம். அந்தப் பெரிய பேட்டரியிலேயே அகலமான சக்கரங்கள் பொருத்திய உயர் ரகத்தை எடுத்தால் தூரம் மீண்டும் குறையும். ஆகவே, நாம் வாங்கப்போகும் அதே ரகத்தின் விலையையும் அதே ரகத்தின் ரேஞ்சையும் மட்டுமே அருகருகே வைக்க வேண்டும்.

அடுத்து, அந்த ரேஞ்ச் எந்தச் சோதனையில் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 2017இல் நடைமுறைக்கு வந்த டபிள்யூ.எல்.டி.பி. முறையில் சுமார் 23 கிலோமீட்டர் தூரம் 30 நிமிடங்களில் ஓட்டப்படுகிறது. வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தொட்டாலும் சராசரி 46 அளவில்தான் நிற்கிறது. அதற்கு முந்தைய என்.இ.டி.சி. முறையும் சீனாவின் சி.எல்.டி.சி. முறையும் இதைவிட மெதுவாக ஓட்டுவதால் அவற்றில் தூரம் கூடுதலாக வரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ.வின் முறையில், ஆய்வகத்தில் கிடைக்கும் தூரத்தை நடைமுறைக்கு ஏற்பக் குறைத்தே வெளியிடுவதால், அதே காருக்கு அங்கே பெரும்பாலும் குறைவான எண்ணைக் காணலாம். ஒரு காரின் சி.எல்.டி.சி. எண்ணையும் இன்னொன்றின் டபிள்யூ.எல்.டி.பி. எண்ணையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடுவது முதல் காருக்குத் தகுதியில்லாத முன்னிலையைக் கொடுத்துவிடும்.

என் கருத்தில், ஒப்பீட்டின் மையமாக இருக்க வேண்டியது ரேஞ்ச் அல்ல. நெடுஞ்சாலை வேகத்தில் 100 கிலோமீட்டருக்குக் கார் எத்தனை யூனிட் (கிலோவாட் மணி, kWh) மின்சாரம் எடுக்கிறது என்பதுதான். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும்போது இருப்பதைவிட 120இல் அது 2.25 மடங்கு. உயரமான, கனமான ஒரு கார் 75 யூனிட் பேட்டரியை வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் 100 கிலோமீட்டருக்கு 24 யூனிட் எடுக்கிறது என்று கொள்வோம். தாழ்வான, காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம் கொண்ட இன்னொன்று 60 யூனிட் பேட்டரியுடன் 18 யூனிட் எடுக்கிறது. முதலாவது 312 கிலோமீட்டர் போகும், இரண்டாவது 333 போகும். பெரிய பேட்டரிக்காகக் கூடுதல் விலை கொடுத்தவருக்குக் குறைந்த தூரமே கிடைக்கிறது. வழியில் விரைவு சார்ஜரில் இரண்டிலும் 50 யூனிட் ஏற்றினால் முதலாவதற்கு 208 கிலோமீட்டரும் இரண்டாவதற்கு ஏறக்குறைய 278 கிலோமீட்டரும் சேர்கின்றன. அந்த வித்தியாசம் கார் நம்மிடம் இருக்கும் காலம் முழுவதும் மின்கட்டணத்திலும் தொடரும். பேட்டரி அளவைக் கணக்கில் எடுக்கும்போது மொத்தக் கொள்ளளவை விட்டுவிட்டு, பயன்படுத்தக்கூடிய கொள்ளளவையே எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நீண்ட பயணத்தில் பேட்டரியை முழுவதும் தீர்ப்பவர் எவருமில்லை. விரைவு சார்ஜிங் 80 சதவீதத்துக்குப் பிறகு மிகவும் மெதுவாகிவிடுவதால், இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே நமக்குக் கிடைப்பது 80இலிருந்து 10 வரையிலான 70 சதவீதம்தான். மேற்சொன்ன இரண்டாவது காருக்கு அது 42 யூனிட், அதாவது சுமார் 233 கிலோமீட்டர். கடுங்குளிரில் இதுவும் குறையும். கார் உள்ளே சூடேற்றவும் பேட்டரியைச் சூடாக வைத்திருக்கவும் மின்சாரம் செலவாகிறது. குளிர் பிரதேசத்தில் இருப்பவர், குறைந்த மின்சாரத்தில் சூடேற்றும் ஹீட் பம்ப் அடிப்படை விலையிலேயே வருகிறதா, தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்டே தீர வேண்டும்.

பேட்டரி வகையும் விலைக்குள் அடங்கிய விஷயம். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி எடை கூடுதலானது, ஆனால் விலை குறைவு. அடிக்கடி 100 சதவீதம் வரை ஏற்றுவதைத் தாங்கும். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) பேட்டரிக்கு அன்றாடப் பயன்பாட்டில் 80 சதவீதத்தோடு நிறுத்தும்படி தயாரிப்பாளர்களே பெரும்பாலும் அறிவுறுத்துகிறார்கள். 400இன் 80 சதவீதம் 320தான். எனவே காகிதத்தில் 400 கிலோமீட்டர் காட்டும் என்.எம்.சி. காரும் 340 காட்டும் எல்.எஃப்.பி. காரும் தினசரி ஓட்டத்தில் ஏறத்தாழச் சமமாகிவிடுகின்றன.

பேட்டரிக்கான உத்தரவாதம் பரவலாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்ற அளவில் தரப்படுகிறது. பெரும்பாலான பேட்டரிகள் அவ்வளவு தேய்வதில்லை என்றாலும், நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவர் தாம் அடிக்கடி செல்லும் மிக நீண்ட பாதையை அந்த 70 சதவீதத்தில் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. வழியில் ஒரு நிறுத்தம் கூடுதலாக வந்தாலும் பரவாயில்லை என்றால் சிறிய பேட்டரி ரகமே போதும். வீட்டில் சார்ஜர் வைக்க இடமிருப்பவருக்கு என் பரிந்துரையும் அதுவே.