கோடு குறுகியபோதுதான் நம்பினேன்

காலியம் ஆர்சனைடு படிகத்தின் மேல் தடிமனில் வேறுபட்ட இரண்டு இரும்புப் படலங்கள், நடுவில் சில நானோமீட்டர் தங்கம். இந்த அடுக்கில்தான் ஸ்பின் மின்னோட்டத்தை, அதாவது எலக்ட்ரான்களின் உள்ளார்ந்த கோண உந்தமான ஸ்பின்னின் ஓட்டத்தை, செலுத்திப் பார்த்தேன். நுண்ணலை பட்டு ஒரு படலம் ஒத்ததிர்வுக்கு வரும்போது, அதன் காந்தமாக்கம் புலத்தைச் சுற்றிச் சுழன்றபடி கோண உந்தத்தைத் தங்கத்துக்குள் தள்ளுகிறது. எதிர்ப்பக்க இரும்பு அதை வாங்கி விழுங்கிவிடுகிறது. இந்த இழப்பால் ஒத்ததிர்வுக் கோடு, அதாவது காந்தப்புலத்தை மாற்றிக்கொண்டே போகும்போது நுண்ணலை உறிஞ்சப்படும் இடத்தில் வரைபடத்தில் எழும் முகடு, அகல்கிறது. செர்கோவ்னியாக், பிராடாஸ், பாவர் ஆகிய இயற்பியலாளர்கள் 2002-இல் முன்வைத்த கோட்பாடு இது.

கோடு அகன்றது. ஆனால் கரடான இடைமுகமும் சீரற்ற தடிமனும்கூடக் கோட்டை அகலமாக்கும். பல அதிர்வெண்களில் அளந்தால் ஓரளவு பிரித்துவிடலாம்: அதிர்வெண்ணோடு நேர்கோட்டில் ஏறுவது தணிப்பு (சுழற்சி ஆற்றலை இழந்து அடங்குவது), சுழி அதிர்வெண்ணில் மிஞ்சுவது சீரின்மை. இரு மாக்னான் சிதறலும் (சீரான சுழற்சி குறைபாடுகளில் பட்டு வேறு காந்த அலைகளாகச் சிதறுவது) அதிர்வெண்ணோடு மாறுவதால், இதை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதை நான் ஏற்பதில்லை.

அளவீட்டிலும் ஒரு பொறி உண்டு. இரைச்சலுக்குள்ளிருந்து சிறு சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கிக்காகக் காந்தப்புலத்தின் மேல் ஏற்றும் சிற்றலையின் வீச்சு, கோட்டின் அகலத்தைவிட மிகச் சிறியதாக இருக்க வேண்டும். சமிக்ஞை நன்றாகத் தெரியட்டும் என்று வீச்சைக் கூட்டினால் கருவியே கோட்டை அகட்டிவிடும். வீச்சைப் பாதியாக்கியும் அகலம் அசையாமல் நின்றால்தான் குறித்துக்கொள்வேன்.

எனக்கு உறுதியைத் தந்தது கோணம். மெல்லிய படலத்தின் திசைச்சார்பு (காந்தமாக்கம் சில திசைகளையே விரும்பும் இயல்பு) தடித்ததிலிருந்து வேறுபட்டது. அதனால் புலத்தைப் படலத்தளத்துக்குள் மெல்லத் திருப்பத் திருப்ப இரண்டு கோடுகளும் நெருங்கி வந்து, ஒரு கோணத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. அங்கே இரு படலங்களும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. ஒன்று தள்ளும் ஸ்பின்னை மற்றது ஈடுசெய்ய, கொடுக்கல் வாங்கல் சரியாகிறது. கூடுதல் தணிப்பு மறைந்து கோடு குறுகுகிறது! 2003-இல் ஹைன்ரிக் குழுவினர் இதே வகை அடுக்கில் இதைக் காட்டியிருந்தார்கள். என் திரையில் அந்தப் பள்ளம் விழுந்தபோது மெய்சிலிர்த்தது. கரட்டு இடைமுகம் இரண்டு கோடுகள் சேரும் கோணத்தில் மட்டும் வழவழப்பாகிவிடாது.

கோடுகள் சேரும் இடத்துக்குச் சற்று முன்பின் தரவைக் கோட்பாட்டு வளைவுகளோடு மிகக் கவனமாகப் பொருத்த வேண்டும். இரண்டு வளைவுகள் பாதி மேற்படிந்து கிடக்கும்போது கணினி ஒன்றின் அகலத்தை மற்றதற்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. திசைச்சார்பால் காந்தமாக்கம் புலத்துக்குப் பின்தங்குவதும் அகலத்தைக் கோணத்தோடு மாற்றும். ஆகவே ஒற்றை இரும்புப் படலத்தையும் அதே கோணங்களில் அளந்தேன். அதில் பள்ளம் இல்லை.