அப்பத்தா பார்த்த பாறு

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். முன்பெல்லாம் மாடு செத்தால் பொட்டலில் இழுத்துப் போட்டுவிடுவார்களாம். "வேலி அடைச்ச மாதிரி பெணந்தின்னிக் கழுகு சுத்தி உக்காந்திரும்யா, பொழுது சாயக்குள்ள எலும்புதான் கெடக்கும்" என்று அப்பத்தா சொல்லும். அரிட்டாபட்டி மலையில் ராசாளி பார்த்திருக்கிறேன். அப்பத்தா சொன்ன பிணந்தின்னியான பாறு கழுகைப் பார்க்க மட்டும் நீலகிரிப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்கு வரைக்கும் போகவேண்டியிருந்தது.

அங்கே நீர்மருது மரத்தின் உச்சியில் கூட்டு விளிம்பில் ஒரு குஞ்சு இறக்கையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றதைப் பார்த்ததிலிருந்து ஒரே யோசனை, இது பறந்தபிறகு எங்கே போகும்? அது வெண்முதுகுப் பாறு என்ற வகை, வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்ட ஏறக்குறைய ஐந்து வருஷமாகும். இடையில் உள்ள காலம் முழுக்க அலைச்சல்தான். வெயில் ஏறி மேலெழும் காற்றில் வட்டமடித்து உயரப் போய், தூரத்தில் இன்னொரு பாறு இறங்குவதைப் பார்த்து, அங்கே இரை கிடக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ளத்தான் முதுகில் சின்ன ஜிபிஎஸ் கருவி கட்டிவிடுகிறார்கள். சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும், செல்போன் டவர் வழியாக இருக்குமிடத்தைச் சொல்லும். 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் தடோபா காட்டில் விடப்பட்ட ஒரு பாறு, இனப்பெருக்க மையத்தில் வளர்ந்ததுதான், சில மாதங்களில் சுமார் 4,000 கிலோமீட்டர் அலைந்து தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டது! செய்தியைப் படித்த அன்று அப்பத்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "வரட்டும்யா, அதுக்குத் தெரியாத வழியா" என்றது.

ஆனால் எனக்குப் பயமும் வந்தது. கருவியின் புள்ளி ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் ஆட்கள் தேடிப் போவார்கள், சில நேரம் அங்கே செத்த பறவைதான் கிடக்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து செத்த மாட்டின் உடம்பில் தங்கியிருந்தால், அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுச் சில நாளில் உயிர் போய்விடும். 1990களிலிருந்து இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல் அழிந்ததற்கு இதுதான் பெரிய காரணம். 2006இல் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். காட்டுக்குள் மட்டும் கவனமாக இருந்தால் போதாது என்பதைத்தான் அந்த 4,000 கிலோமீட்டர் எனக்குச் சொன்னது. பறக்கத் தெரிந்த குஞ்சு எந்த ஊர்ப் பொட்டலிலும் இறங்கும், எங்கள் ஊரிலும்தான்.

போன மாதம் எங்கள் மாட்டுக்குக் கால் வீங்கிவிட்டது. மருந்துக் கடையில் ஒன்றும் கேட்காமல் ஏதோ வலி ஊசி மருந்தை எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கவில்லை. கால்நடை மருத்துவரிடம் போய், பாறுகளுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் எழுதித் தரச் சொன்னேன். "யாருங்க இதெல்லாம் கேக்குறா" என்று நிமிர்ந்து பார்த்தார், எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் மாடு எழுந்து கண்மாய்க்கரைக்கு மேயப் போய்விட்டது.